ஒருநாள் விட்டு ஒருநாள்

பெரியாற்று மலையில் அணை கட்டும் வேலைக்குப் போயிருந்த கொத்தர் இருதயம், குளிர்காய்ச்சலோடு காமயகவுண்டன்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது அவன் மகள் பாக்கியம் தவழத் தொடங்கியிருந்தாள். அவள் பிறந்த அன்று அவன் மலையில் இருந்தான். ஞானஸ்நானத்துக்கு மட்டும் இறங்கி வந்து, பிள்ளையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் விடிவதற்குள் கூடலூர் வழியாக ஏறிப் போய்விட்டான். இப்போது, மேலே சுண்ணாம்பு இறக்கிவிட்டுத் திரும்பிய மாட்டுவண்டியில் படுத்தபடி வந்து இறங்கினான். தாடியும் மஞ்சள் பூத்த கண்ணுமாக வாசலில் நின்றவனைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுது தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. உன் அப்பாதான், உன் அப்பாதான் என்று அவன் மனைவி வியாகுலமேரி எத்தனை முறை சொல்லியும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

அவனுக்கு வந்திருந்தது முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத நாளில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பான், கொத்துக்கரண்டியையும் தூக்குக்குண்டையும் எடுத்துத் துடைத்து வைப்பான். வருகிற நாளில் பொழுது சாயும் நேரத்தில் நகம் நீலம் பாயும். பிறகு பல் கிட்டும். வீட்டில் இருக்கிற துணியெல்லாம் போட்டு மூடினாலும் குளிர் விடாது. அது அடங்கியதும் உடம்பு அனலாகக் கொதித்து, வியர்த்து, அவனைப் பிழிந்த துணிபோல் போட்டுவிட்டுப் போகும். கம்பத்தில் வாங்கி வந்த கொயினா மருந்துத் தூளைத் தேனில் குழைத்துக் கொடுத்தாள் வியாகுலமேரி. காய்ச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டதே தவிர, முறை மாறவில்லை.

வியாகுலமேரிக்குத் தாய் தகப்பன் கிடையாது. தாது வருஷத்துப் பஞ்சத்தில் இருவரும் போய்விட, மதுரையில் கன்னியர்கள் அவளை எடுத்து வளர்த்தார்கள். எழுத்தும் கணக்கும் தையலும் அங்கே படித்தவள். இருதயத்துக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த பிறகு அந்த எழுத்தைக் கோயிலில் ஜெபப் புத்தகம் வாசிக்க மட்டுமே பயன்படுத்தினாள். கணவன் சம்பாத்தியம் நின்றுபோன அந்த ஆடி மாதத்தில்தான் பங்குச் சாமியார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கோயிலை ஒட்டிய கொட்டகையில் நடந்துவந்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு உபாத்தியாயினி இல்லை. இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மாதா திருநாள் கழிந்த திங்கட்கிழமையிலிருந்து நீ வந்து நடத்த முடியுமா என்று கேட்டார்.

அவள் அங்கேயே சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு நடந்து வருகிற வழியில்தான் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பற்றி யோசித்தாள்.

அதற்கும் உடனே வழி பிறந்தது. இருதயத்தின் தங்கை பிலோமினா அதே தெருவில் குடியிருந்தாள். பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். உச்சிப்பொழுதில் வியாகுலமேரி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது, மற்ற நேரத்துக்குக் கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்துவிடுவது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள்.

அந்த வருஷம் மழை பின்தங்கிப் போயிருந்தது. ஆனி முழுக்கப் பார்த்தார்கள், ஆடி பிறந்தும் பார்த்தார்கள், ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நாற்றங்காலைக் கிணற்றுத் தண்ணீரில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். திருநாளுக்குக் கொடி ஏறிய பிறகு மேற்கே மலையில் இரவு பகலாகப் பெய்து, வாய்க்கால் நிறைந்து ஓடியது. நாற்று முற்றிப்போகாமல் இருக்க வேண்டுமானால் உடனே நட்டாக வேண்டும். ஊரில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் திருநாள் கழிந்த திங்கட்கிழமையிலிருந்து நடவு என்று சொல்லிவிட்டார்கள்.

பிலோமினா அன்று மாலை வந்து வெகுநேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சினாள். விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வியாகுலமேரிதான் அவளுக்குப் பதிலாகச் சொன்னாள். நடவை விட்டால் அவள் வீட்டில் வருஷத்துச் சோற்றுக்கு என்ன செய்வாள், அது தனக்குத் தெரியாதா என்றாள். பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் சாமியாரிடம் போய், நடவு முடிகிற வரைக்கும் தவணை கேட்டாள் வியாகுலமேரி. அவர் கடல் கடந்து வந்தவர், ஆனாலும் தமிழை நிறுத்தி நிறுத்தித் தெளிவாகப் பேசுவார். மாதக் கடைசியில் சர்க்கார் பரிசோதகி வருகிறாள், அதற்குள் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்க வேண்டும், மூடிக் கிடந்தால் பிறகு திறக்கவே முடியாது என்றார். வடுகபட்டியில் ஓர் அம்மாள் வரத் தயாராக இருப்பதையும் மறைக்காமல் சொன்னார். பிள்ளையைக் கொட்டகையில் ஒரு மூலையில் போட்டுக்கொள்ளலாமா என்று அவள் தயங்கிக் கேட்டபோது, அவர் வருத்தத்தோடு, முடியாது என்று தலையை ஆட்டினார். முன்பிருந்தவள் தன் அக்காள் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பாடமே நடத்தவில்லையாம். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஆனால் மற்றவர்களுக்குச் சொன்னதை உனக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்.

ஊரில் நடவுக்குப் போகாத பெண்ணென்று ஒருத்திதான் இருந்தாள். அவள் முத்துப்பேச்சி. அடுத்த தெருக்காரி. அவள் புருஷன் வீரணன் கொடிக்கால் வைத்திருந்தான். பறித்து வருகிற வெற்றிலையை முத்துப்பேச்சி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தரம் பிரித்து அடுக்கிக் கட்டுவாள். பிள்ளைகள் நால்வரைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவள். பேச்சு வெடுக்கென்று இருக்கும். வியாகுலமேரி போய்க் கேட்டபோது அவள் கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"நான் இங்கன உக்காந்தா வெத்தலை வண்டி வர்ற வரைக்கும் எந்திரிக்க முடியாது ஆத்தா. தவழ்ற பிள்ளை வெத்தலையச் சும்மா விடுமா? ஒரு கட்டு கசங்குனாக்கூட எங்க வீட்டுக்காரவுக என்னையத்தான் கேப்பாக."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. வியாகுலமேரி சரி அக்கா என்று சொல்லித் திரும்பினாள்.

வீட்டில் அவள் இதையெல்லாம் கணவனிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்ன வீட்டில் மறைப்பதற்கு இடம் ஏது? பிலோமினா அழுததும், மனைவி போய்ப்போய் வந்ததும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அன்று காய்ச்சல் இல்லாத நாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் சொன்னான்.

"நான் பாத்துக்கிறேன்."

அவனிடம் பிள்ளை போகவே போகாது. அவன் கை நீட்டினால் உதட்டைப் பிதுக்கும். கொத்துக்கரண்டி பிடித்துச் சுண்ணாம்பு தின்று வெடித்துப்போன கை அது. போதாததற்குக் காய்ச்சல் வேறு. இதையெல்லாம் சொல்லாமல் அவள் சும்மா இருந்ததே அவனுக்கு மறுப்பாகப் பட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த நல்ல நாளில் வியாகுலமேரி கோயிலைக் கூட்டிவிட்டு வந்தபோது, வீட்டுக்குள் இருதயம் மண் குழைத்துக்கொண்டிருந்தான். கொல்லையில் கிடந்த கல்லையெல்லாம் உள்ளே கொண்டுவந்திருந்தான். அடுப்பைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வாசற்படியிலும் அதே உயரத்துக்கு ஒரு வரிசை வைத்திருந்தான். கொஞ்சம் வேலை செய்வான், மூச்சு வாங்கி உட்காருவான், மறுபடி எழுந்து செய்வான். பாக்கியம் பாயில் உட்கார்ந்து வாயில் விரலை வைத்துக்கொண்டு அவனையே பார்த்திருந்தாள். அழவில்லை.

"என்ன இது?" என்றாள் வியாகுலமேரி.

"அவ அடுப்புக்குப் போகமாட்டா. தெருவுக்கும் போகமாட்டா. நான் எந்திரிச்சு ஓட முடியலன்னாலும் அவ இதுக்குள்ளதான் இருப்பா."

சொல்லிவிட்டு, சுவரின் மேல்விளிம்பை உள்ளங்கையால் தடவித் தடவி வழவழப்பாக்கினான். பிள்ளை பிடித்து நிற்கும்போது கை உரசக் கூடாது என்பதற்காக. அதைப் பார்த்த பிறகு வியாகுலமேரிக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை.

திருநாளுக்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்கள். கூழைக் கரைத்து வைத்துவிட்டு அவள் வீட்டின் பின்பக்கம் போய், வேலியோரம் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவைக் காணோம் என்று தெரிந்த உடனே பிள்ளை அழ ஆரம்பித்தது. முதலில் சிணுங்கல், பிறகு கத்தல். அவள் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. எழுந்து உள்ளே ஓடாமல் இருக்க வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருதயம் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. அவன் பாட்டுப் பாடத் தெரியாதவன். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது. மலையில் கல் ஏற்றும்போது ஆட்கள் சேர்ந்து போடும் ஓசையை, ஏலேலோ என்று நீட்டி முழக்காமல், மெதுவாக, காதோடு சொல்வதுபோல் போட்டுக்கொண்டிருந்தான். அழுகை விட்டுவிட்டு வந்தது. பிறகு விக்கல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அவள் மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தாள். அவன் விரலில் எண்ணெய் தடவி மிருதுவாக்கிக்கொண்டு, கூழைத் தொட்டுத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தான். பாதி அதன் தாடையில் வழிந்தது. மீதி அவன் தாடியில் இருந்தது. பிள்ளை அந்தத் தாடியைப் பிடித்து இழுத்து அதில் ஒட்டியிருந்ததை நக்கப் பார்த்தது.

காய்ச்சல் நாளைப் பற்றி அவர்கள் யோசிக்காமல் இல்லை. அது எப்போதும் பொழுது சாயத்தான் வருகிறது, அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு அவள் வீடு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை வந்தது. தெருவெல்லாம் பெண்கள் வயலுக்குப் போய்விட, நடவுக்கு வயதாகாத சிறுமிகள் மட்டும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். வியாகுலமேரி அவர்களை மணலில் உட்காரவைத்து முதல் எழுத்தை விரல் பிடித்து எழுதவைத்தாள். நெடுநாளாக மூடி வைத்திருந்த ஒரு பெட்டியைத் திறந்ததுபோல் இருந்தது அவளுக்கு. மதுரை மடத்தில் தனக்குச் சொல்லிக்கொடுத்த மெட்டும் விளையாட்டும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உச்சிமணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் இருதயம் ஒருக்களித்துத் திறந்து, அவள் உள்ளே வந்ததும் மறுபடி சாத்தினான். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவன்தான் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். கதவை ஏன் சாத்தி வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளை வளர்க்கிற கொத்தரை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவன் நினைக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் வீடு திரும்பிய நேரத்தில் அவனுக்கு நடுக்கம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காய்ச்சல், வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போதே வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த இருதயத்துக்கு விரல் நுனி மரத்தது. அவன் தன் நகத்தைப் பார்த்தான். உச்சிமணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டுப் படுத்துவிடலாம், சுவர் இருக்கிறது, எங்கும் போகாது. ஆனால் காய்ச்சல் உச்சத்தில் தனக்கு நினைவு தப்பும் என்பது அவனுக்குத் தெரியும். மலையில் பக்கத்துக் குடிசையில் ஒருவன் அப்படி நினைவில்லாமல் கிடந்தபோது, தண்ணீர் கேட்டு முனகிய அவன் தம்பியின் குரல்கூட அவனுக்குக் கேட்காமல் போனதை இருதயம் பார்த்திருக்கிறான்.

அவன் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தான். யாரும் இல்லை. பிலோமினா வீடு பூட்டியிருந்தது. கோயில் தெரு கண்ணுக்கெட்டிய வரை வெறிச்சென்று கிடந்தது. பள்ளிக்கூடம் வரைக்கும் போகக் கால் தாங்காது என்று தோன்றியது. பக்கத்துச் சந்து வழியாக நடந்தான். நடக்க நடக்கக் குளிர் முதுகில் ஏறியது. பிள்ளையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

அன்று உச்சிவேளையில் வியாகுலமேரி வந்து பார்த்தபோது கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. பாயும் கூழ்க்கிண்ணமும் இருந்தன. அடுப்பைப் பார்த்தாள். கொல்லைக்கு ஓடினாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள். மறுபடி தெருவுக்கு வந்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றபோது, அடுத்த தெருவிலிருந்து பாக்கியத்தின் சிரிப்புக் கேட்டது.

முத்துப்பேச்சியின் முற்றத்தில், ஈரச் சாக்குகளும் வெற்றிலைக் கட்டுகளுமாகக் கிடந்த இடத்தில், வெற்றிலைக் கூடை ஒன்றில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. கையில் ஒரு கிழிந்த வெற்றிலை. வாயெல்லாம் பச்சை. தாழ்வாரத்தில் காய்ந்த சாக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு மூடியதில் இருதயம் இருப்பதே தெரியவில்லை, சாக்குக் குவியல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

வியாகுலமேரி பிள்ளையை அள்ளி எடுத்து அங்கேயே உட்கார்ந்து மார்பில் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முத்துப்பேச்சி அவளை அழவிட்டுப் பிறகு சொன்னாள்.

"உம்புருசன் கதவத் தட்டல. காலால உதைச்சான். எவன்டா அதுன்னு வைஞ்சுக்கிட்டே தொறந்தேன். ரெண்டு கையும் பிள்ளையப் பிடிச்சிருந்துச்சு, விட மாட்டேங்குது. நான் வாங்கப் போனா, அக்கா நல்லாப் பிடிச்சியா, நல்லாப் பிடிச்சியான்னு கேட்டுக் கேட்டுத்தான் குடுத்தான். குடுத்த பிறகுதான் விழுந்தான்."

மாலையில் காய்ச்சல் இறங்கி, வீரணன் ஒரு பக்கம் தாங்க, இருதயம் வீட்டுக்கு வந்து படுத்தான். வியர்த்து ஓய்ந்து கிடந்தவனின் நெற்றியைத் துடைத்துவிட்டபடி வியாகுலமேரி தன் முடிவைச் சொன்னாள். நாளைக் காலையில் சாமியாரிடம் போய், வடுகபட்டி அம்மாளையே வரச்சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். இன்னும் யாரிடமும் சண்டையில்லை, வருத்தமில்லை, இதோடு விட்டுவிடலாம் என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"பள்ளிக்கூடத்த விட்டுறாத. சாப்பாட்டுக்காகச் சொல்லல. நீ அந்தக் கொட்டகையில இருந்து வர்றப்ப உன் மொகத்தப் பாக்கிறேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மொகத்த நான் பாத்ததில்ல."

அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி பேசினான்.

"இவ பசிக்கு அழுதா ஒரு மாதிரி, தூக்கத்துக்கு அழுதா ஒரு மாதிரி. எனக்கு இப்பத் தெரியும். எம்மகதான்னு ஊருக்குத் தெரிஞ்சிருந்துச்சு வியாகுலம். எனக்கு இப்பத்தான் தெரியுது. அதை எங்கிட்ட இருந்து வாங்கிறாத."

அவள் கை நின்றது. இருவருக்கும் நடுவில் படுத்திருந்த பிள்ளை, தூக்கத்தில் கையை வீசி அவன் முகத்தில் போட்டது. அவன் அதை எடுக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் முத்துப்பேச்சி வந்தாள். வாசலில் கட்டியிருந்த குட்டைச் சுவரைத் தாண்டத் தெரியாமல் கால் இடறி, இது என்ன கூத்து என்று கேட்டாள். வியாகுலமேரி சொன்னாள். முத்துப்பேச்சி குனிந்து அந்தச் சுவரின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். உள்ளே வந்து அடுப்படிச் சுவரையும் பார்த்தாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள்.

"காய்ச்ச இல்லாத நாள்ல இவன் பாத்துக்கிறட்டும். காய்ச்ச நாள்ல விடிஞ்சதும் ரெண்டு பேரையும் எங்கிட்ட அனுப்பிரு. அங்கனயே படுத்துக்கிறட்டும். கூடைக்குள்ள உக்கார வச்சா உம்பிள்ளை சமத்தா இருக்கா."

வெற்றிலை கசங்குமே அக்கா என்றாள் வியாகுலமேரி. கசங்கினால் கசங்கட்டும், வீரணனிடம் பேசியாகிவிட்டது என்றாள் அவள். போகும்போது இருதயத்தைப் பார்த்து, காய்ச்சல் விட்டதும் வெற்றிலை நனைக்கிற தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்துவிடு, மண்தொட்டியை மாற்றி மாற்றிச் சலித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் படுத்தபடியே தலையசைத்தான். மலையிலிருந்து வந்த பிறகு அவனிடம் யாரும் வேலை எதுவும் கேட்டதில்லை. அன்று அவன் சீக்கிரம் தூங்கிப்போனான்.

அப்படித்தான் அந்த நடவுக்காலம் ஓடியது. ஒருநாள் இருதயம், ஒருநாள் முத்துப்பேச்சி. தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதால் கதவைச் சாத்தி வைப்பதில் அர்த்தம் இல்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து உச்சிவெயிலில் வியாகுலமேரி ஓடி வருவதும் திரும்ப ஓடுவதும் இருதயத்துக்குப் பொறுக்கவில்லை. பாதி நேரம் ஓட்டத்திலேயே போய், அவள் வாயில் ஒரு கவளம் போடாமலே திரும்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவன் தாடியை மழித்துக்கொண்டு, வெளுத்த வேட்டியைக் கட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்து, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு கோயில் தெருவில் நடந்தான்.

கொல்லன் பட்டறை வாசலில் கலப்பைக் கொழு அடிக்கக் கொடுத்துவிட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஓர் ஆம்பளை வருவதைப் பார்த்துப் பேச்சு நின்றது. கர்ணன் என்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன கொத்தரே, பால் குடுக்கப் போறீகளோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். இருதயம் நின்றான். முன்பென்றால் கை ஓங்கியிருப்பான். பிள்ளை அவன் மீசையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இருந்தா நானே குடுத்திருவேன். இல்ல, அதான் அவகிட்டக் கொண்டுபோறேன்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். கர்ணன் தரையைப் பார்த்தான். அவனுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இருதயம் நடந்து போய்விட்டான்.

கொட்டகை வாசலில் அவர்களைப் பார்த்த சிறுமிகள் வாத்தியாரம்மா வீட்டுப் பாப்பா என்று எழுந்து ஓடி வந்தார்கள். வியாகுலமேரி பூவரச மர நிழலில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அவன் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தாள். அவன் சற்றுத் தள்ளி, தெருவுக்கு முதுகு காட்டி, மறைப்பாக நின்றுகொண்டான்.

மாதக் கடைசியில் பரிசோதகி வந்து பார்த்து, சிறுமிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, திருப்தியாகப் போனாள். சாமியார் வியாகுலமேரியிடம் இனி இது உன் பள்ளிக்கூடம் என்றார். ஐப்பசி மழை விட்டபோது இருதயத்தின் முறைக்காய்ச்சல் ஒரு தடவை வராமல் போயிற்று. அடுத்த முறையும் வரவில்லை. அவர்கள் அதைப் பற்றிப் பேசவே பயந்து, இன்னும் சில நாள் போகட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார்கள். பிறகு ஒரு காலை அவன் முத்துப்பேச்சி வீட்டு முற்றத்தில் கல் அடுக்கத் தொடங்கினான். தொட்டி முடிந்து தண்ணீர் நிரப்பிய அன்று வீரணன் இரண்டு கவுளி வெற்றிலையைத் தட்டில் வைத்து அவனுக்குக் கொடுத்தான்.

அணை வேலைக்கு ஆள் சேர்க்கிற கங்காணி ராக்கப்பன் கார்த்திகையில் வந்தான். இருதயம் எழுந்து நடமாடுகிறான் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். நல்ல கொத்தர்களுக்கு மேலே அவ்வளவு கிராக்கி. இருதயம் மலைக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அப்படியானால் உத்தமபாளையம் ரஸ்தாவில் பாலம் கட்டுகிறார்கள், அதற்குத் தெரிந்த மேஸ்திரி இருக்கிறார், காலையில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம், வருகிற திங்கட்கிழமை வந்து நில் என்றான் ராக்கப்பன்.

"திங்கட்கிழமை முடியாது. முத்துப்பேச்சியக்கா மக பிரசவத்துக்குப் போயிருக்காக. எந்தங்கச்சியும் அறுப்புக்குப் போறா. அவுக வந்த பிறகுதான் நான் வர முடியும்."

யாருக்குப் பிரசவம், அதற்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ராக்கப்பன் விழித்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்றான் இருதயம். வீட்டில் பொம்பளை இல்லையா என்று கேட்டான் ராக்கப்பன்.

"இருக்கா. அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

அதைச் சொன்ன விதத்தில் இருந்த பெருமையை அடுப்படியில் நின்ற வியாகுலமேரி கேட்டாள். ராக்கப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, மேஸ்திரியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று போனான். கிறிஸ்து பிறந்த திருநாள் கழித்து வந்தால் போதும் என்று பதில் வந்தது.

அந்த நாளும் வந்தது. விடிந்தும் விடியாத பனியில் மூன்று பேரும் முத்துப்பேச்சி வீட்டுக்கு நடந்தார்கள். பாக்கியம் இப்போது விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முத்துப்பேச்சி கையை நீட்டியதும் எப்போதும்போல் தாவிப் போனாள். வியாகுலமேரி கன்னத்தைத் தடவி விடைபெற்றபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மா போவது அவளுக்குப் பழகியிருந்தது. ஆனால் இருதயம் கொத்துக்கரண்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியபோது அவள் முகம் மாறியது. அவன் ஒரு நாளும் அப்படிப் போனதில்லை. உதட்டைப் பிதுக்கி, இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டி, "ம்மா" என்று அழுதாள். அவனைத்தான் அப்படிக் கூப்பிட்டாள். கொஞ்ச நாளாகவே வீட்டில் இருவரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

முத்துப்பேச்சி சிரித்துவிட்டாள். தன்னை விட்டுவிட்டு அவனுக்காக அழுகிறாளே என்று வியாகுலமேரிக்கு ஒரு கணம் வலித்தது. அடுத்த கணம், மலையிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய அன்று அவன் நின்ற நிலை நினைவுக்கு வந்து கண் நிறைந்தது. "போயிட்டு வாங்க, நேரமாகுது" என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை.

இருதயம் பையைக் கழற்றிக் கீழே வைத்தான். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இங்கும் அங்குமாக நடந்தான். கல் ஏற்றும் அந்த ஓசையை அவள் காதோடு சொன்னான். அழுகை நின்று, விக்கல் நின்று, அவள் தலை அவன் கழுத்தில் சாய்கிற வரைக்கும் நடந்தான். வியாகுலமேரி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தான்.

அன்று அவன் பாலத்து வேலைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தான்.